ஆப்பிள் பை: அடிமாவு மூன்று தடவையும் வேகவே இல்லை, எங்கே தவறு?

பழையவண்ணை (ஞாயிறு, இரவு 9.20)

மூன்று ஞாயிற்றுக்கிழமையாக ஆப்பிள் பை, அதாவது மாவு ஓட்டுக்குள் ஆப்பிள் வைத்து ஓவனில் சுடுகிற பண்டம், செய்து பார்க்கிறேன். மேலே நல்ல பொன்னிறம், வீடு முழுக்க வாசனை, பிள்ளைகள் தட்டோடு வந்து நிற்கிறார்கள். ஆனால் கத்தி வைத்து ஒரு துண்டு எடுத்தால் அடியில் இருக்கிற மாவு வெள்ளையாக, ஈரமாக, வேகாத கொழுக்கட்டை மாதிரி கையில் ஒட்டுகிறது. மூன்று தடவையும் மேல் ஓட்டை மட்டும் பெயர்த்துச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைக் கொட்ட வேண்டியதாகிவிட்டது. மனசு வலிக்கிறது.

எதற்கு இத்தனை பாடு என்றால், நான் பெரம்பூரில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். எதிர் வீட்டில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். தீபாவளிக்கு அம்மா அதிரசமும் முறுக்கும் தூக்கில் போட்டு அனுப்புவார், கிறிஸ்துமஸுக்கு அதே தூக்கு கல்கல், ரோஸ் குக்கியோடு திரும்பி வரும். கூடவே நீல விளிம்பு போட்ட வெள்ளை எனாமல் பாத்திரத்தில் சூடாக ஆப்பிள் பை. அவர்கள் ஆஸ்திரேலியா போய் முப்பது வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு அடுத்த மாதம் 70 முடிகிறது. என்னம்மா வேண்டும் என்று கேட்டால் புடவை வேண்டாம், ஓட்டல் வேண்டாம், ஆன்ட்டி வீட்டு பை ஒரு வாய் கிடைத்தால் போதும் என்கிறார்.

நான் செய்தது இது: மைதா கால் கிலோ, வெண்ணெய் 125 கிராம், சப்பாத்தி மாவு மாதிரி நன்றாக அடித்துப் பிசைந்து அரை மணி நேரம் ஊற வைத்தேன். சிம்லா ஆப்பிள் நாலு, தோல் சீவி நறுக்கி, சர்க்கரை 100 கிராம், பட்டைப் பொடி ஒரு ஸ்பூன். கண்ணாடிப் பாத்திரம். ஓடிஜியில் (மேடை மேல் வைக்கிற சின்ன மின் ஓவன்) 180 டிகிரி, 40 நிமிஷம். எங்கே தப்பு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை அடுப்பு (ஞாயிறு, இரவு 10.05)

சகோதரி, நான் 22 வருஷம் விறகு அடுப்பு பேக்கரியில் நின்றவன். நீங்கள் எழுதியதைப் படித்ததுமே நாலு இடத்தில் தப்பு தெரிகிறது, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசைந்தேன் என்கிறீர்கள் பாருங்கள், அதுதான் பெரிய தப்பு. மைதாவில் தண்ணீர் பட்டுப் பிசையப் பிசைய இழுவை வரும். பரோட்டாவுக்கு அந்த இழுவைதான் உயிர், பைக்கு அதுதான் எமன். வெண்ணெயைக் குளிர்ச்சியாகவே சின்னச் சின்னக் கட்டியாக வெட்டி மாவில் போட்டு, விரல் நுனியால் தேய்த்துத் தேய்த்து, கொஞ்சம் ரவை மாதிரி, கொஞ்சம் அவல் மாதிரி தட்டைத் தட்டையாகத் தெரிகிற பக்குவத்தில் நிறுத்திவிட வேண்டும். அந்த அவல் மாதிரி இருக்கிற வெண்ணெய்தான் ஓவனில் உருகும்போது ஏடு ஏடாகப் பிரியும். வெண்ணெயில் நூற்றுக்கு 16 பங்கு அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது, அது ஆவியாகி மாவை மேலே தூக்குகிறது. நீங்கள் பிசைந்து பிசைந்து அந்த வெண்ணெயை மாவோடு கரைத்துவிட்டீர்கள், அப்புறம் எது தூக்கும்?

இரண்டாவது, வெண்ணெய் குறைவு. 200 கிராம் மைதாவுக்கு 130 கிராம் போடுங்கள். உப்பு வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம். ஐஸ் தண்ணீர் நாலு ஐந்து மேசைக்கரண்டி, அதுவும் தெளித்துத் தெளித்து, கையில் பிடித்தால் கொழுக்கட்டைப் பிடி மாதிரி நிற்கிற வரைக்கும்தான்.

மூன்றாவது, சூடு. எங்கள் அடுப்பில் தரைக் கல்லே கொதிக்கும், தட்டை வைத்த உடனே அடி பிடித்துக்கொள்ளும். வீட்டு ஓடிஜியில் அந்த அடிச்சூடு கிடையாது. கைப்பிடி இல்லாத இரும்பு தோசைக்கல் ஒன்று உள்ளே போகிற அளவில் இருந்தால் கீழ்த் தட்டில் வைத்து 220 டிகிரியில் அரை மணி நேரம் காய விடுங்கள், அதன் மேல் பையை வையுங்கள். முதல் 20 நிமிஷம் 220, பிறகு 180க்கு இறக்கி இன்னொரு 35, 40 நிமிஷம். கண்ணாடி வேண்டாம், அலுமினியத் தட்டு நல்லது, சூட்டைச் சீக்கிரம் வாங்கும். அதுவும் ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த கண்ணாடியைக் காய்ந்த கல் மேல் வைத்தால் வெடித்துவிடும், கவனம்.

நாலாவது பழத்தில் ஊறுகிற தண்ணீர். நறுக்கிய ஆப்பிளில் சர்க்கரை போட்டு 45 நிமிஷம் வைத்துப் பாருங்கள், ஒரு டம்ளர் அளவுக்குச் சாறு கீழே நிற்கும். அதை அப்படியே மாவுக்குள் கொட்டினால் அடி எப்படி வேகும்? சாற்றை வடித்து, சின்ன வாணலியில் பாகு மாதிரிச் சுண்டவைத்து, ஆறிய பிறகு பழத்தோடு சேருங்கள்.

கடற்காற்று (திங்கள், காலை 6.15)

காசிமேட்டில் இருந்து. அடுப்பு அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஒன்று விட்டுப் போச்சு. நம்ம ஊர் வெயில். வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினாலே உருகிப் போகும், நம்ம சமையல்கட்டில் ஏப்ரல், மே மாசம் பகலில் 35க்குக் குறையவே குறையாது. குளிர் நாட்டுக்காரர்கள் செய்து காட்டுகிற மாதிரி மதியம் மேடையில் மாவைத் தேய்த்தால் ஐந்தே நிமிஷத்தில் எண்ணெய் விட்டு ஒட்டிக்கொள்ளும். நான் விடியற்காலை நாலரைக்கு எழுந்து, அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னாடி மாவு வேலையை முடித்துவிடுவேன். மைதாவையே ராத்திரி ஃப்ரீசரில் போட்டுவிடுவேன், பாத்திரத்தையும் சேர்த்து.

பூரிக்கட்டைக்கு அடியில் என்ன வைப்பேன் தெரியுமா? எங்க வீட்டுக்காரர் மீன் ஏலத்துக்குப் போகிறவர், வரும்போது ஒரு துண்டு ஐஸ் கட்டி கொண்டு வருவார். அதைச் சாக்குப் பையில் போட்டு உடைத்து ஒரு பெரிய பேசினில் கொட்டி, மேலே எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்தால் பத்து நிமிஷத்தில் தாம்பாளம் வேர்க்க ஆரம்பிக்கும். அந்த ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் மாவை வைத்து அதன் மேல் தேய்ப்பேன். வெண்ணெய்க் கட்டி உள்ளே உடையாமல் பளிங்கில் வரி ஓடுகிற மாதிரி மஞ்சளாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் அன்றைக்கு பை நன்றாக வரும் என்று எனக்குத் தெரிந்துவிடும். மீன் ஐஸ் சாப்பிடுகிற ஐஸ் கிடையாது, அது மாவில் படவே கூடாது, அடியில் குளிர்ச்சிக்கு மட்டும்தான். ஐஸ் கிடைக்காதவர்கள் ஃப்ரீசரில் தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து மேடை மேல் கால் மணி நேரம் உருட்டுங்கள், போதும்.

வியாசர்பாடி தம்பி (திங்கள், காலை 8.40)

எங்க வீட்டில் ஓவனே இல்லை அக்கா. பெரியவர் கொடுத்த ஓடிஜி ஒன்று இருந்தது, நாங்க இருக்கிற போர்ஷனில் 6 ஆம்பியர் பிளக்தான், அதில் 2,000 வாட் ஓவனைச் சொருகி அரை மணி நேரத்தில் பிளக் உருகி சுவரெல்லாம் கருகிவிட்டது. 16 ஆம்பியர் பிளக் போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. குக்கரில் உப்பு போட்டு கேக் செய்கிற மாதிரி பை செய்ய முடியுமா? அப்புறம் ஆப்பிள் விலை. ஒரு கிலோவுக்கு மேல் வாங்க வேண்டும் என்றால் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

தண்டையார்பேட்டை அடுப்பு (திங்கள், காலை 9.10)

தம்பி, பிளக்கோடு போனதே, அதுவே நல்ல காலம். இனிமேல் அதில் மிக்ஸிக்கு மேல் எதையும் சொருகாதே. ஓவன், கெய்சர் எல்லாம் 16 ஆம்பியர் பிளக்கில்தான்.

குக்கரில் கீழ்ச்சூடு மட்டும்தான், மேல் ஓடு வெளுத்துப் போய் ஆவியில் நமத்துக் கிடக்கும். உனக்கு நான் சொல்கிறது, சோமாஸ் மாதிரி பண்ணு. அதே மாவு, வெண்ணெய் மட்டும் பாதியாகக் குறைத்துக்கொள், இல்லை என்றால் எண்ணெயில் பிரிந்து போகும். ஆப்பிளைச் சர்க்கரையோடு வாணலியில் சுருள வதக்கி ஆறவைத்து, வட்டத்தில் பாதிக்கு வைத்து மடித்து, ஓரத்தைச் சோமாஸுக்கு முறுக்குகிற மாதிரி முறுக்கி, மிதமான எண்ணெயில் பொரி. இதை மட்டம் என்று நினைக்காதே, அமெரிக்காவில் தெற்குப் பக்கம் காய்ந்த ஆப்பிளை வேகவைத்து இப்படித்தான் பொரித்த பை செய்கிறார்கள், ரொம்ப நாள் வழக்கம்.

இல்லை பை மாதிரியேதான் வேண்டும் என்றால் வீட்டில் தயார் செய்து தட்டோடு பக்கத்து பேக்கரிக்குக் கொண்டு போ. டிசம்பர் 20 தாண்டினால் ராயபுரம், தண்டையார்பேட்டை வீடுகளில் இருந்து கேக் கலவையைத் தட்டில் ஊற்றி, பெயர் எழுதின சீட்டோடு எங்களிடம் கொண்டு வருவார்கள், நாங்கள் ரொட்டி எடுத்த பிறகு அந்தச் சூட்டில் சுட்டுக் கொடுப்போம். கேட்டுப் பார், மாட்டேன் என்று சொல்கிற பேக்கரிக்காரர் குறைவு.

மின்ட் தெரு வாசி (திங்கள், மதியம் 1.30)

எல்லாரும் மாவைப் பற்றியே பேசுகிறீர்கள், பழத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. சிம்லா ஆப்பிள் என்று தள்ளுவண்டியில் விற்கிறது பெரும்பாலும் டெலிஷியஸ் வகை. சாமுவேல் ஸ்டோக்ஸ் என்கிற அமெரிக்கர் 1916ல் இமாசலத்தில் கோட்கர் பக்கம் கொண்டு வந்து நட்ட இனம் அது, அவர் பிறகு சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கே போனவர். கையில் எடுத்துக் கடிக்க அது நல்ல பழம். ஆனால் புளிப்பு கிடையாது, சூடு பட்டால் மசிந்து மாவாகிவிடும். பைக்குப் புளிப்பும் வேண்டும், வெந்தும் துண்டு துண்டாக நிற்கவும் வேண்டும். அதற்குப் பச்சை ஆப்பிள்தான், கிரானி ஸ்மித். 1868 வாக்கில் சிட்னி பக்கத்தில் ஸ்மித் என்கிற ஒரு பாட்டி வீட்டுத் தோட்டத்தில் தானாக முளைத்த மரத்தில் இருந்து வந்தது, பேரும் அந்தப் பாட்டி பேர்தான். விலை கூடுதல், தெரியும். அதனால் நான் பாதி பச்சை, பாதி சிம்லா. பச்சை துண்டாக நிற்கும், சிவப்பு மசிந்து நடுவில் இருக்கிற சந்தெல்லாம் நிரப்பும்.

முழுக்கச் சிம்லாதான் கிடைக்கிறது என்றால் கிலோவுக்கு ஒரு முழு எலுமிச்சைச் சாறு பிழியுங்கள், சர்க்கரையைக் குறையுங்கள். அப்புறம் இன்னொரு வழி. நறுக்கிய பழத்தை லேசான சூட்டில், கை வைத்தால் சுடுகிற ஆனால் கொதிக்காத பக்குவத்தில், 65, 70 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், 15 நிமிஷம் மூடி வைத்தால் பழத்தில் இருக்கிற பெக்டின், அதாவது பழத்தைக் குலையாமல் பிடித்து வைக்கிற பசை, கெட்டிப்பட்டுவிடும். பிறகு ஓவனில் எவ்வளவு வெந்தாலும் சீக்கிரம் மசியாது.

தம்பிக்கு: சௌசௌ பாதி சேர். நிஜமாகத்தான் சொல்கிறேன். தோல் சீவி ஆப்பிள் மாதிரியே நறுக்கி, சர்க்கரை, எலுமிச்சை, பட்டை போட்டு வேகவைத்தால் ஆப்பிளோடு கலந்த பிறகு பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆஸ்திரேலியாவில் பணக்கஷ்ட காலத்தில் ஆப்பிள் பையில் சௌசௌ சேர்க்கிற வழக்கம் இருந்தது.

கொடுங்கையூர் அம்மா (திங்கள், மாலை 4.50)

நான் வெண்ணெய்க்குப் பதில் வீட்டு நெய்யில்தான் செய்கிறேன், நன்றாகவே வருகிறது. வெண்ணெய் வெண்ணெய் என்று எல்லாரும் ஏன் அதையே பிடித்துக்கொள்கிறீர்கள்?

தண்டையார்பேட்டை அடுப்பு (திங்கள், மாலை 5.20)

அம்மா, உங்கள் கைப்பக்குவத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் நெய்யில் தண்ணீர் கிடையாது, ஆவி வராது, ஏடு பிரியாது. நெய் பிஸ்கட் மாதிரி பொலபொலவென்று உதிரும். அது ஒரு ருசி, ஒத்துக்கொள்கிறேன், பை ஓடு அது கிடையாது.

கொடுங்கையூர் அம்மா (திங்கள், மாலை 6.00)

உதிர்ந்தால் என்ன தம்பி, என் பேரனுக்கு அதுதான் பிடிக்கிறது. நெய்யை ஃப்ரிட்ஜில் கட்டியாக உறைய வைத்து, வெண்ணெய் 100 கிராம் என்றால் நெய் 80 கிராம் என்று குறைத்துப் போட வேண்டும், தண்ணீர் ஒரு கரண்டி கூடுதலாகத் தெளிக்க வேண்டும். இதை நான் செய்து பார்த்துத்தான் சொல்கிறேன். ஒரு விஷயம் அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டும். சாறு கெட்டியாக என்ன போட்டாய்? எதுவும் போட்ட மாதிரி தெரியவில்லையே. சோளமாவு போடுவார்கள், நான் ஜவ்வரிசியை வெறும் வாணலியில் சூடு காட்டி மிக்ஸியில் நைஸாகப் பொடித்துச் சேர்ப்பேன், முக்கால் கிலோ ஆப்பிளுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி. சோளமாவு போட்டால் கலங்கலாக இருக்கும், இது கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கும். வெளிநாட்டில் டாப்பியோக்கா டாப்பியோக்கா என்று பைக்குப் போடுகிறார்களே, அது வேறு எதுவும் இல்லை, சேலத்தில் மரவள்ளிக்கிழங்கில் செய்கிற நம்ம ஜவ்வரிசிதான்.

தண்டையார்பேட்டை அடுப்பு (திங்கள், மாலை 6.25)

ஜவ்வரிசி விஷயம் எனக்கே புதுசு அம்மா. நாங்கள் சோளமாவுதான் போடுவோம். செய்து பார்க்கிறேன்.

பழையவண்ணை (ஞாயிறு, மதியம் 12.40)

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இன்றைக்கு நாலாவது தடவை. காலை ஐந்து மணிக்கு மாவு, பாதிப் பாதி ஆப்பிள், சாற்றைச் சுண்டவைத்தேன், ஜவ்வரிசிப் பொடி, அலுமினியத் தட்டு, கீழே தோசைக்கல். மேல் ஓட்டில் நாலு கீறல் போட்டேன் ஆவி போக. அந்தக் கீறல் வழியாகச் சாறு குமிழ் விட்டுக் கொதிக்கிற வரைக்கும் எடுக்கவில்லை. மூன்று மணி நேரம் ஆறவிட்டேன், பிள்ளைகளைப் பிடித்து வைப்பதுதான் பெரும்பாடு.

அடி வெந்துவிட்டது! கத்தி வைத்தபோது கரகர என்று சத்தம் கேட்டது. துண்டைத் தூக்கிப் பார்த்தேன், அடியில் பிஸ்கட் நிறம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

ஆனால் அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, ரொம்ப நன்றாக இருக்கிறது கண்ணு, ஆனால் அது இது இல்லை என்கிறார். எது இல்லை என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. வாசனை வேறு என்கிறார். அதில் பட்டை வாசனை இல்லையாம், பல் வலிக்கு வைப்போமே அந்த வாசனை என்கிறார். மேலே மஞ்சளாக ஏதோ ஊற்றி இருந்ததாம்.

பெரம்பூர் லோகோ (ஞாயிறு, மதியம் 3.15)

இந்த இழையை ஒரு வாரமாகப் படிக்கிறேன், இப்போதுதான் எழுதத் தோன்றியது. நான் ஆங்கிலோ இந்தியன், பெரம்பூரிலேயே பிறந்தவன், தாத்தா, அப்பா இரண்டு பேரும் ரயில்வே. சிஸ்டர், உங்கள் அம்மா சரியாகத்தான் சொல்கிறார். அது கிராம்பு. நீங்கள் செய்தது அமெரிக்க பை. பட்டை போடுவது, அடியிலும் மேலும் மாவு, கையில் எடுக்கிற மாதிரி முக்கோணத் துண்டு, எல்லாம் அங்கேயுள்ள வழக்கம். எங்கள் வீடுகளில் செய்தது இங்கிலீஷ் முறை. ஆப்பிளுக்குக் கிராம்பு, அவ்வளவுதான். மேலே ஊற்றியது கஸ்டர்ட், சூடாக.

இன்னொன்று கேட்கிறேன், அம்மாவிடம் விசாரித்துச் சொல்லுங்கள். அந்த எனாமல் பாத்திரம் தட்டையாக இருந்ததா, ஆழமாக இருந்ததா? அடியில் மாவு இருந்ததா? எங்கள் பாட்டி ஆழமான பாத்திரத்தில் பழத்தை மேடு மாதிரி அடுக்கி, மேலே மட்டும்தான் மாவைப் போர்த்துவார். அடி மாவே கிடையாது. நடுவில் முட்டை வைத்துச் சாப்பிடுகிற சின்னப் பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பார், ஓடு உள்ளே அமுங்காமல் இருக்க. அந்தக் கிண்ணத்துக்காக நானும் தங்கையும் சண்டை போடுவோம், ஏனென்றால் அதற்குள் சாறு ஏறி நிற்கும்.

பழையவண்ணை (ஞாயிறு, மாலை 5.30)

அண்ணா, அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்பூனால்தான் அள்ளிச் சாப்பிட்டோம், கையில் எடுத்த ஞாபகமே இல்லை என்றார். பாத்திரம் ஆழமாம், சாம்பார் ஊற்றி வைக்கிற அளவுக்கு. ஒரு தடவை நடுவில் ஒரு குட்டிக் கிண்ணம் இருந்ததைப் பார்த்து, ஆன்ட்டி மறந்து வைத்துவிட்டார் போல என்று கழுவித் திருப்பிக் கொடுத்தாராம். நீங்கள் சொன்னதும்தான் அது ஞாபகம் வருகிறது என்கிறார்.

நாலு வாரமாக நான் அடிமாவோடு மல்லுக்கட்டி இருக்கிறேன், அந்த பையில் அடிமாவே இல்லை! தயவுசெய்து அளவு சொல்லுங்கள் அண்ணா.

பெரம்பூர் லோகோ (ஞாயிறு, மாலை 6.10)

பாட்டி தராசு வைத்ததில்லை, ஆனால் மாவில் பாதி வெண்ணெய் என்பது எங்கள் எல்லார் வீட்டுக் கணக்கு. மைதா 200 கிராம், வெண்ணெய் 100. வெண்ணெய் குறைவாக இருப்பதால் தேய்ப்பது எளிது, அவல் பதம் கூட வேண்டாம், ரொட்டித் தூள் மாதிரி ஆனால் போதும். குளிர்ச்சி மட்டும் கட்டாயம் வேண்டும்.

ஆப்பிள் ஒரு கிலோ, சர்க்கரை 90 கிராம், ஒரு எலுமிச்சை, கிராம்பு நாலே நாலு. மொட்டைக் கிள்ளிப் போட்டுவிட்டுப் பழத்துக்கு நடுவில் செருகுங்கள், பொடித்தால் ஒன்றே போதும், கூடினால் கசக்கும். ஜவ்வரிசிப் பொடி அரை மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம், இதில் சாறு தளர்வாக இருக்க வேண்டும், கஸ்டர்டோடு கலக்கணும். பழத்தைப் பாத்திர விளிம்புக்கு மேலே குன்று மாதிரி குவியுங்கள், வெந்தால் இறங்கிவிடும்.

இப்போது கவனியுங்கள். மாவைத் தேய்த்து ஓரத்தில் இருந்து ஒரு விரல் அகலத்துக்கு நீளமான பட்டையாக வெட்டி, விளிம்பைத் தண்ணீரால் நனைத்து அதன் மேல் முதலில் ஒட்டுங்கள். அந்தப் பட்டையையும் நனைத்து, பிறகு பெரிய வட்டத்தைப் போர்த்தி அழுத்துங்கள். விளிம்பில் நேராகப் போர்த்தினால் ஓவனில் மாவு சுருங்கி உள்ளே விழும், இரண்டு மாவும் ஒட்டினால்தான் பிடிக்கும். ஓரத்தில் முள்கரண்டியால் அழுத்துவது ஒரு வழி, பாட்டி கட்டைவிரலால் சோமாஸ் மாதிரி மடிப்பார், பக்கத்து வீட்டு அம்மாக்களிடம் கற்றதாகச் சொல்வார். நடுவில் ஒரு துளை, மேலே பால் தடவிச் சர்க்கரை தூவுங்கள். 200 டிகிரியில் 20 நிமிஷம், 180ல் இன்னொரு 25, 30. பத்தே நிமிஷம் ஆறினால் போதும், இதைச் சூடாகத்தான் சாப்பிட வேண்டும்.

மின்ட் தெரு வாசி (ஞாயிறு, இரவு 8.00)

அருமை அண்ணா. அப்படியானால் பழத்தைப் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். இங்கிலாந்தில் இதற்கென்று பிராம்லி என்று ஒரு சமையல் ஆப்பிள் உண்டு, நல்ல புளிப்பு, வெந்தால் பஞ்சு மாதிரி மசியும். அவர்களுக்கு மசிவதுதான் அழகு. அப்போது பெரம்பூர் ஆன்ட்டிக்குக் கிடைத்தது சிம்லா, காஷ்மீர் பழம்தான் இருந்திருக்கும், அதனால் முழுக்கச் சிம்லாவே போட்டு எலுமிச்சையைக் கூட்டுங்கள். இதற்குப் பச்சை ஆப்பிள் வாங்கிச் செலவு செய்ய வேண்டாம்.

பழையவண்ணை (சனி, இரவு 9.50)

இன்று அம்மாவுக்கு 70. எனாமல் பாத்திரம் எம்.சி. ரோடு பக்கம் ஒரு பழைய பாத்திரக் கடையில் கிடைத்தது, விளிம்பு நீலம் இல்லை, பச்சை. பீங்கான் கிண்ணம் கிடைக்கவில்லை, சாமிக்குப் பால் வைக்கிற குட்டி எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தேன். கஸ்டர்ட் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி, அரை லிட்டர் பால்.

ஓவனைத் திறந்ததும் கிராம்பு வாசனை கூடத்துக்குப் போய்விட்டது. அம்மா நாற்காலியில் இருந்து எழுந்து சமையல்கட்டுக்கே வந்துவிட்டார். ஸ்பூனால் ஓட்டை உடைத்தார், உள்ளே பழம் மஞ்சளாக மசிந்து ஆவி பறந்தது, கஸ்டர்டை ஊற்றினார், ஒரு வாய் வைத்தார். இரண்டாவது வாய் வைத்தார். ஒன்றுமே சொல்லவில்லை. அப்புறம் நடுவில் இருந்த கிண்ணத்தை இடுக்கியால் நிமிர்த்தி, அதில் தேங்கி இருந்த சாற்றை ஆறவைத்து என் வாயில் ஊற்றினார். அப்பா ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வருவதற்காக ஒரு பங்கு எடுத்து மூடி வைப்பேன், காலையில் நமத்துப் போயிருக்கும், அதையும் அவர் அப்படித்தான் சாப்பிடுவார் என்றார். அப்பா போய் பதினோரு வருஷம் ஆகிறது.

லோகோ அண்ணா, அம்மா உங்கள் பாட்டிக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

பெரம்பூர் லோகோ (சனி, இரவு 10.20)

அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள் சிஸ்டர். டிசம்பரில் அந்தப் பாத்திரத்தோடு பெரம்பூர் பக்கம் வாருங்கள், கல்கல் போட்டுத் தருகிறேன்.

வியாசர்பாடி தம்பி (ஞாயிறு, காலை 7.30)

அக்கா, நான் பாதி சௌசௌ போட்டு, சோமாஸ் மாதிரி பொரித்தேன். பட்டையும் ஒரு கிராம்பும் போட்டேன். செய்த பதினாறையும் எங்க தெருப் பசங்க காலி பண்ணிவிட்டார்கள். நாலு மட்டும் ஓரம் விட்டு எண்ணெயில் சாறு தெறித்தது, ஓரத்துக்குத் தண்ணீர் தடவினால் நிற்குமா, மைதாக் கரைசல் தடவணுமா?

கொடுங்கையூர் அம்மா (ஞாயிறு, காலை 7.55)

மைதாக் கரைசல் தடவு கண்ணு. பூரணம் முழுக்க ஆறின பிறகு வை, ஓரத்தில் ஒரு சொட்டுச் சாறு படக்கூடாது. மடித்த பிறகு கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் பொரி, விடவே விடாது.